பையன் யூதன்தானே?

யூதர்களின் ஆண்டில் யோம் கிப்பூரைவிடக் கனத்த நாள் கிடையாது. செய்த பாவங்களுக்கெல்லாம் மன்னிப்பு வேண்டி, பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல், ஜெப ஆலயத்தில் உட்கார்ந்திருக்க வேண்டிய நாள். 'கிஸ்ஸிங் ஜெஸிகா ஸ்டைன்' (2001) படம் அந்த நாளில்தான் தொடங்குகிறது. பிரார்த்தனை ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருக்க, ஜெஸிகாவின் அம்மா ஜூடி சுற்றியுள்ள வரிசைகளை நோட்டம் விட்டபடி மகளின் காதில் வரன் விவரம் ஓதிக்கொண்டே இருக்கிறார். இந்தப் பையன் எப்படி, அந்தப் பையன் எப்படி? பொறுத்துப் பொறுத்துப் பார்த்த மகள் கடைசியில் போடும் சத்தத்தில் ஆலயமே திரும்பிப் பார்க்கிறது. பாவமன்னிப்பு கேட்கக்கூட விடமாட்டேன் என்கிறார்களே என்பது அவள் ஆத்திரம்.

அந்த ஜெஸிகா பிறகு காதலிக்கப்போவது ஒரு பெண்ணை.

யூதக் குடும்பங்களில் வெகுகாலமாக உலவும் ஜோக் ஒன்று உண்டு. மகன் தொலைபேசியில் அழைத்து, தான் ஓர் ஆணைக் காதலிப்பதாகவும் இனி அவனோடுதான் வாழ்க்கை என்றும் சொல்கிறான். எதிர்முனையில் நீண்ட மௌனம். பிறகு அம்மா கேட்கிறார்: "பையன் யூதன்தானே? டாக்டரா?"

ஒரு திரைப்பட வகையே இந்த ஜோக்கில் அடங்கியிருக்கிறது. கே பிள்ளையும் யூதத் தாயும் மோதும் நகைச்சுவைப் படங்களை வரிசையாகப் பார்த்தால், அம்மா ஏற்றுக்கொள்வாரா என்பது அவற்றில் பாதிக் கதைதான் என்பது தெரியும். ஏற்றுக்கொண்ட கையோடு அடுத்து என்ன கேட்பார் என்பதில்தான் சிரிப்பும் இருக்கிறது, வலியும் இருக்கிறது. இந்த வகையின் நல்ல படங்களுக்கு இது தெரியும். சுமாரான படங்கள் அம்மா கட்டியணைத்ததும் திரையை இறக்கிவிடுகின்றன.

தலைமுழுகிய அப்பாக்கள்

கதையின் வேர் 1927இல் இருக்கிறது. பேசும் படங்களின் தொடக்கம் என்று வரலாறு குறித்துவைத்திருக்கும் 'தி ஜாஸ் சிங்கர்', நியூயார்க்கில் தலைமுறை தலைமுறையாக ஜெப ஆலயத்தில் பாடும் குடும்பத்தைப் பற்றியது. மகன் ஜேக்கி ரபினோவிட்ஸுக்கு மேடைப் பாட்டின் மீது மோகம். அப்பா அவனைத் தலைமுழுகிவிடுகிறார். மகன் ஜாக் ராபின் என்று பெயரை மாற்றிக்கொண்டு புகழ் பெறுகிறான். கடைசியில் யோம் கிப்பூர் இரவில், சாகக் கிடக்கும் அப்பாவின் இடத்தில் நின்று பாடுகிறான். அதோடு திருந்திவிடுகிறானா என்றால் இல்லை. அடுத்த காட்சியில் மறுபடி மேடையில் நிற்கிறான், அம்மா பார்வையாளர் வரிசையில் பூரித்துப்போய் உட்கார்ந்திருக்கிறார். முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பினத்தவராக நடிக்கும் அந்தக் காலத்து அசிங்கம் படத்தில் உண்டு, இன்று பார்க்கக் கூசும். ஆனால் ஜாஸ் இருக்கும் இடத்தில் தன்பாலீர்ப்பை வைத்துப் பாருங்கள், பின்னால் வந்த பல படங்களின் கதைச்சுருக்கம் கையில் கிடைத்துவிடும். அப்பா சட்டம். அம்மா அந்தச் சட்டத்தில் இருக்கும் சந்து.

'ஃபிட்லர் ஆன் தி ரூஃப்' கதையில் பால்காரர் தெவ்யே மூத்த மகளின் காதலுக்கு வளைந்துகொடுக்கிறார், இரண்டாமவளுக்கும் கொடுக்கிறார். மூன்றாமவள் கிறிஸ்தவனை மணந்ததும் அவள் செத்துவிட்டாள் என்கிறார். மதம் மாறி மணந்த பிள்ளைக்கு, அந்தப் பிள்ளை உயிரோடு இருக்கும்போதே ஷிவா அமர்ந்த வைதீகக் குடும்பங்கள் உண்மையிலேயே இருந்தன. ஷிவா என்பது இறந்தவருக்காக ஏழு நாள் வீட்டோடு இருந்து காக்கும் துக்கம். இந்தக் கதையை 1964இல் பிராட்வே மேடையில் இயக்கி நடனமும் அமைத்த ஜெரோம் ராபின்ஸ் பிறக்கும்போது ஜெரோம் ரபினோவிட்ஸ். ஆண்களையும் காதலித்தவர். 1953இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் அமர்ந்து பழைய கம்யூனிஸ்ட் சகாக்களின் பெயர்களைச் சொன்னார். தன் அந்தரங்கம் அம்பலத்துக்கு வந்துவிடும் என்ற பயத்தில்தான் சொன்னார் என்ற பேச்சு அவர் வாழ்நாள் முழுக்கத் தொடர்ந்தது. ரபினோவிட்ஸ்கள் திரைக்கதையில் மட்டும் ராபின் ஆகவில்லை.

கல்லறையில் ஒரு சண்டை

ஹார்வி ஃபையர்ஸ்டைன் புரூக்ளினில் பிறந்த யூதர். உடைந்த சரளைக்கல்லில் வண்டி ஓட்டியது போன்ற குரல். அவர் எழுதி நடித்த 'டார்ச் சாங் டிரிலஜி' நாடகம் சிறு அரங்குகளிலிருந்து மெல்ல வளர்ந்து 1982இல் பிராட்வேக்கு வந்தது; அடுத்த ஆண்டு சிறந்த நாடகம், சிறந்த நடிகர் என்று இரண்டு டோனி விருதுகளையும் அவர் ஒருவரே வாங்கினார். ஏறத்தாழ நான்கு மணி நேர நாடகம் 1988இல் இரண்டு மணி நேரப் படமானது. இயக்கம் பால் போகார்ட்.

அர்னால்ட் பெக்காஃப் பெண் வேடமிட்டு இரவு விடுதியில் நிகழ்ச்சி நடத்துபவன். இளம் காதலன் ஆலனைத் தெருவில் ஒரு கும்பல் அடித்தே கொன்றுவிடுகிறது. தன்பாலீர்ப்பாளனான பதின்வயதுப் பையன் ஒருவனை அர்னால்ட் தன் பிள்ளையாக வளர்க்கத் தொடங்குகிறான். இந்த நேரத்தில் ஃபுளோரிடாவிலிருந்து அம்மா வந்து இறங்குகிறார்.

அம்மாவும் மகனும் கல்லறைக்குப் போகிறார்கள். அவர் கணவரின் கல்லறை முன் நிற்கிறார். திரும்பிப் பார்த்தால், சற்றுத் தள்ளி ஆலனின் கல்லறை முன் நின்று மகன் கடிஷ் சொல்லிக்கொண்டிருக்கிறான். இறந்தவருக்காக நெருங்கிய உறவு சொல்ல வேண்டிய பிரார்த்தனை அது. பெற்றோருக்கு மகன் சொல்வது மரபு. அம்மாவுக்குத் தலைக்கேறுகிறது. என் தாம்பத்தியத்தையும் உன் கூத்தையும் ஒன்றாக வைக்கிறாயா என்று வெடிக்கிறார். மகனும் விடுவதில்லை. கல்லறையில் தொடங்கிய சண்டை வீடு வரை வந்து, சமையலறை, கூடம் என்று அறை அறையாகத் தொடர்கிறது.

ஆண் ஆணைக் காதலிக்கலாமா என்பதற்காக இந்தச் சண்டை நடக்கவில்லை. மகன் யாரோடு படுக்கிறான் என்பது அம்மாவுக்கு எப்போதோ தெரியும். தெரியாததுபோல் இருந்து பழகிவிட்டார். அவனும் கைம்பெண் போலத் துக்கம் கொண்டாடலாமா என்பதுதான் வழக்கு. படுக்கையை மன்னித்த தாய்க்குக் கடிஷை மன்னிக்க முடியவில்லை. குடும்பத்தின் அசல் சொத்து எது என்பது இங்கே வெளியே வந்துவிடுகிறது.

நகைச்சுவை எங்கே என்று கேட்கலாம். அர்னால்டைக் கவனியுங்கள். வீடு, கணவன், பிள்ளை, இடுப்பில் சமையல் துணி, பையன் பள்ளியில் ஒழுங்காக இருக்கிறானா என்ற கவலை. அம்மாவின் ஆசைப் பட்டியலில் ஒன்றுவிடாமல் நிறைவேற்றிவிட்டான். மணப்பெண் மட்டும்தான் பட்டியலில் விடுபட்டது. சண்டையில் இருவருடைய கையசைவும் ஒன்று, நக்கலும் ஒன்று. அவர் தன்னோடுதான் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார். அம்மாவாக நடித்தது ஆன் பான்கிராஃப்ட். பிறப்பால் இத்தாலியக் கத்தோலிக்கர், யூத நகைச்சுவை இயக்குநர் மெல் புரூக்ஸின் மனைவி. வீட்டிலேயே பயிற்சி கிடைத்திருக்கும்!

கதை 1971இல் தொடங்கி 1980இல் முடிகிறது. எய்ட்ஸ் இன்னும் பெயர் பெறாத காலம். படம் வெளியான 1988இல் நியூயார்க்கின் எத்தனையோ வீடுகளில் பெற்றோரும் பிள்ளையின் காதலனும் ஒரே சாவுக்கு எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். யாருக்குத் துக்கப்பட உரிமை என்ற கேள்வியை ஃபையர்ஸ்டைன் அதற்கு முன்பே எழுதிவைத்திருந்தார்.

கோல்ட்மன், கோல்மன் ஆன கதை

'தி பேர்ட்கேஜ்' (1996) பிரெஞ்சு நாடகம் ஒன்றின் அமெரிக்க வடிவம். 1973இல் ஜான் புவாரே எழுதியது. 1978இல் பிரான்ஸில் படமாகியிருந்தது. 1983இல் பிராட்வே இசை நாடகமானபோது அதற்கு வசனம் எழுதியவர் சாட்சாத் ஃபையர்ஸ்டைன். மயாமி கடற்கரையில் பெண் வேட நடன விடுதி நடத்தும் ஆர்மண்டும் அவர் துணைவர் ஆல்பர்ட்டும் சேர்ந்து வளர்த்த மகன், ஒரு பழைமைவாத செனட்டரின் மகளை மணக்க ஆசைப்படுகிறான். சம்பந்தி வீட்டார் விருந்துக்கு வருகிறார்கள். ஒரு ராத்திரிக்கு மட்டும் நீங்கள் கே இல்லை என்று காட்டிக்கொள்ளுங்கள் என்கிறான் மகன்.

பிரெஞ்சு மூலத்தில் இதோடு சரி. அமெரிக்க வடிவத்துக்குத் திரைக்கதை எழுதிய எலைன் மேயும் இயக்கிய மைக் நிக்கல்ஸும் இன்னொரு பொய்யைச் சேர்த்தார்கள். ஆர்மண்டின் குடும்பப் பெயர் கோல்ட்மன். பெண் வீட்டில் கோல்மன் என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். யூதர் என்பதையும் மறைக்க வேண்டும். சுவரில் சிலுவை ஏறுகிறது. ஒரே விருந்தில் இரண்டு ஒளிவு. எது முதலில் உடையும் என்று நாம் காத்திருக்கிறோம்.

மேயின் அப்பா இத்திஷ் மொழி நாடக நடிகர். நிக்கல்ஸ் 1931இல் பெர்லினில் பெஷ்கோவ்ஸ்கி என்ற குடும்பப் பெயரோடு பிறந்து, ஹிட்லரிடமிருந்து தப்பி 1939இல் ஏழு வயதில் அமெரிக்கா வந்தவர். நிக்கல்ஸ் என்ற பெயர் அதற்குப் பிறகு ஒட்டிக்கொண்டது. பெயரின் ஓர் எழுத்தை விழுங்கினால் கதவு திறக்கும் என்பதை ஆராய்ந்து தெரிந்துகொள்ள வேண்டிய நிலையில் அவர் இல்லை. அதனால்தான் கே வாழ்க்கையைப் பற்றிய அந்தக் கேலிக்கூத்துக்குள் வெளியிலிருந்து பார்க்கும் நக்கல் தொனி குறைவு. ஒளிந்து வாழ்வதன் நுணுக்கங்களை, எப்படி நடப்பது, கோப்பையை எப்படிப் பிடிப்பது, பெயரை எப்படி உச்சரிப்பது என்பதையெல்லாம், உள்ளேயிருந்து அறிந்தவர்கள் எடுத்த படம். எதிர்பார்ப்பும் இங்கே தலைகீழாகிறது: பிள்ளைதான் பெற்றோரை உலகுக்கு ஏற்ற மாதிரி இருக்கச் சொல்கிறான். அவன் மீது எனக்கு இன்றுவரை கோபம் தீரவில்லை. படம் அவனைச் சுலபமாக விட்டுவிடுகிறது. கடைசியில் இரு மதச் சடங்கோடு திருமணமும் செய்துவைக்கிறது. அந்த ஆண்டு செப்டம்பரில்தான் ஒருபால் திருமணத்தை மத்திய அரசு அங்கீகரிக்காது என்ற சட்டத்தில் கிளிண்டன் கையெழுத்திட்டார். படமோ மார்ச்சிலேயே வெளியாகி, உள்நாட்டில் மட்டும் 12 கோடி டாலருக்கு மேல் அள்ளியிருந்தது. சட்டம் விலக்கிவைத்த குடும்பத்தைத் திரையரங்கு காசு கொடுத்துப் பார்த்தது.

ஆர்மண்டாக நடித்த ராபின் வில்லியம்ஸின் 'மிஸஸ் டவுட்ஃபயர்' (1993) நமக்கு 'அவ்வை சண்முகி' வழியாகப் பழக்கம். ஆங்கிலப் படத்தில் நாயகனுக்குப் பெண் வேடம் போட்டுவிடுபவன் அவன் கே சகோதரன். கூடவே அவன் துணைவனும் இருப்பான். அந்தச் சகோதரனாக நடித்தது இதே ஃபையர்ஸ்டைன். தமிழுக்கு வந்தபோது அந்த இருவர் காணாமல்போய், ஒப்பனைக்காரர் நாகேஷ் ஆனார். 'பேர்ட்கேஜ்' வந்த அதே 1996.

கூச்சலில்லாத ஒரு காட்சி

ஜெஸிகாவின் அம்மாவிடம் திரும்புவோம். ஜெஸிகா நாளிதழில் பிழை திருத்துபவள். ஆண்களிடமும் பிழையைத் தவிர வேறெதையும் பார்க்காதவள். ஒரு விளம்பரத்தைப் பார்த்து ஹெலன் என்ற பெண்ணைச் சந்திக்கிறாள், காதலாகிறது. வீட்டில் மூச்சு விடவில்லை. சகோதரனின் கல்யாணம் நெருங்குகிறது. வீட்டுத் திண்ணையில் மகள் ஒடுங்கி உட்கார்ந்திருக்க, அம்மா பக்கத்தில் வந்து அமர்கிறார். ஐந்தாம் வகுப்பில் நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்கிறார்: பள்ளி நாடகத்தில் கூட நடித்த பையன் சரியில்லை என்பதற்காகக் கிடைத்த முக்கிய வேடத்தையே மகள் உதறியது. இப்படியே எதுவும் சரியில்லை என்று உதறி உதறித் தனியாகிவிடுவாயோ என்று பயமாக இருக்கிறது என்கிறார். பிறகு குரல் தணிந்து, ஹெலன் நல்ல பெண் என்று மட்டும் சொல்கிறார்.

டோவா ஃபெல்ட்ஷூ அந்த வரியைச் சொல்லும் விதத்துக்காகவே படத்தைப் பார்க்கலாம். முதல் காட்சியில் வாய் ஓயாத அதே அம்மா. வரன் பார்க்கும் வேலையை அவர் விட்டுவிடவில்லை. பார்த்து முடித்துவிட்டார், தேர்வும் செய்துவிட்டார், அவ்வளவுதான். படம் அதன் பிறகு ஜெஸிகாவையும் ஹெலனையும் பிரித்து, ஜெஸிகாவை ஓர் ஆணின் பக்கம் லேசாகத் திருப்புவது பல லெஸ்பியன் ரசிகைகளுக்குக் கசந்தது. நியாயமான கசப்பு. அம்மாவே சம்மதித்த பிறகு திரைக்கதை பின்வாங்கியது விசித்திரம்தான்.

'ஓய் வே! மை சன் இஸ் கே!!' (2009) பற்றி அதிகம் சொல்ல இல்லை. மகனின் காதலி யூதப் பெண் இல்லையே என்று புலம்பும் பெற்றோருக்கு, காதலியே இல்லை காதலன் என்று தெரியவரும் கதை. தலைப்பிலேயே படம் முடிந்துவிடுகிறது. லெய்னி கஸான் தன்னால் முடிந்தவரை கத்துகிறார்.

பேர் சொல்ல ஒரு பிள்ளை

அமெரிக்க அம்மாக்கள் பேரக்குழந்தை கேட்டால் சிரிக்கலாம். பாரிஸ் யூதக் குடும்பத்தில் கேட்டால் அவ்வளவு சுலபமாகச் சிரிப்பு வராது. ழான்-ழாக் ஸில்பெர்மான் இயக்கிய 'மேன் இஸ் எ வுமன்' (1998) படத்தின் நாயகன் சிமோன், கிளாரினெட் வாசிக்கும் கே இளைஞன். செல்வந்தர் மாமா அவனுக்கு ஒரு பேரம் பேசுகிறார்: ஒரு பெண்ணைக் கல்யாணம் செய்துகொள், பெரும் பணம் தருகிறேன். குடும்பப் பெயர் இவனோடு நின்றுபோகக் கூடாது. சிமோன் முதலில் சிரிக்கிறான். பிறகு வைதீகக் குடும்பத்தில் பிறந்த இத்திஷ் பாடகி ரொஸாலியைச் சந்திக்கிறான். அவளை அவனுக்குப் பிடித்தும் இருக்கிறது, அதுதான் சிக்கல்.

நாஜிகள் 60 லட்சம் யூதர்களைக் கொன்றார்கள். மிஞ்சிய குடும்பங்களில் பிறந்த ஒவ்வொரு பிள்ளையும் பிறக்காமல் போனவர்களுக்கும் சேர்த்துப் பிறந்ததாகவே எண்ணப்பட்டது. எனக்குக் குழந்தை வேண்டாம் என்று ஒருவன் சொன்னால் அது அவன் சொந்த விஷயமாக நிற்பதில்லை. கொன்றவர்கள் தொடங்கியதை நீ முடித்துவைக்கிறாயா என்ற, யாரும் வாய்விட்டுக் கேட்காத கேள்வி எதிரே வந்து நிற்கிறது. அந்த மாமாவைக் கொடுமைக்காரராகக் காட்ட இயக்குநர் மறுத்துவிட்டது இதனால்தான். அந்தப் பணத்தாசையும் பாசாங்கும் மெல்ல இறுக்கும் கழுத்துப்பட்டை என்பதை மறைக்கவும் மறுத்துவிட்டார். ரொஸாலியின் பக்கத்து இழப்பு எவ்வளவு என்பதையும் படம் கணக்கில் வைத்திருப்பது எனக்குப் பிடித்தது. கே மகனுக்கு அவசர அவசரமாகக் கல்யாணம் செய்துவைக்கும் கதைகளில் அந்தப் பெண்ணை யார் கேட்கிறார்கள்?

மிகேல் புக் இயக்கிய 'லெட் மை பீப்பிள் கோ!' (2011) இலகுவானது, மிட்டாய் நிறத்தது. பின்லாந்தில் தபால்காரனாகவும் பின்லாந்துக்காரனின் காதலனாகவும் நிம்மதியாக இருந்த ரூபன், சண்டை போட்டுக்கொண்டு பாரிஸில் பெற்றோர் வீட்டுக்கு வந்து சேர்கிறான், சரியாகப் பஸ்கா பண்டிகை நேரத்தில். எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து விடுபட்டதைக் கொண்டாடும் பண்டிகையில் இவன் தன் குடும்பத்திடமிருந்து எப்போது விடுபடுவான் என்பது கதை. அம்மாவாக கார்மன் மௌரா, இயக்குநர் அல்மோதோவாரின் நாயகி, ஸ்பெயின்காரர். யூத அம்மாவாக நடிக்க யூதராக இருக்க வேண்டியதில்லை என்று சினிமா எப்போதோ முடிவு செய்துவிட்டது போலும். யூத அம்மா என்ற வார்ப்புருவை ஆண் எழுத்தாளர்களும் ஆண் நகைச்சுவைக்காரர்களும்தான் பெரும்பாலும் வடித்தார்கள் என்றொரு குற்றச்சாட்டு உண்டு. நச்சரிப்பு, சாப்பாடு, குற்றவுணர்ச்சி மூன்றையும் குழைத்துச் செய்த உருவம். அந்தக் குற்றச்சாட்டு சரியே. இந்த வரிசைப் படங்களில் தேறியவை, அந்த உருவத்துக்குத் திண்ணையிலோ கல்லறையிலோ தன் பக்கத்தைச் சொல்ல ஐந்து நிமிடமாவது தந்தவை.

இதற்கிடையில் ஆலயங்கள் மாறிவிட்டன. கே யூதர்களுக்கான முதல் ஜெப ஆலயம் 1972இல் லாஸ் ஏஞ்சல்ஸில் தொடங்கியது, அடுத்த ஆண்டு நியூயார்க்கிலும் ஒன்று. சீர்திருத்தப் பிரிவு 1990இல் கே ரபிகளை ஏற்றது, கன்சர்வேட்டிவ் பிரிவு 2006இல். வைதீகப் பிரிவு இன்றும் தன்பாலுறவைத் தடுக்கும் லேவியராகமத்தைத்தான் காட்டுகிறது. அங்கேயிருந்து நகைச்சுவை பிறப்பது அரிது. 'டிரெம்ப்ளிங் பிஃபோர் ஜி-டி' (2001) போன்ற ஆவணப்படங்களே பிறந்தன, அவற்றில் பலர் முகத்தைக்கூடக் காட்டவில்லை. சிரிப்பதற்குக் கொஞ்சமாவது கதவு திறந்திருக்க வேண்டும். 2015இல் அமெரிக்கா முழுக்க ஒருபால் திருமணம் சட்டமானதும் அந்தப் பழைய ஜோக்கின் அம்மாவுக்கு வேலை இரட்டிப்பாகிவிட்டது. மகன் இனி சாக்குச் சொல்ல முடியாது, அவனுக்கும் வரன் பார்க்கலாம்.

யார் செத்தது?

எமா செலிக்மனின் 'ஷிவா பேபி' (2020) 77 நிமிடப் படம். நியூயார்க் பல்கலைக்கழகத்தில் பட்டத்துக்காக எடுத்த குறும்படத்தை விரித்தது. கல்லூரிப் படிப்பின் கடைசிக் கட்டத்தில் இருக்கும் டேனியல், பெற்றோரோடு ஒரு துக்க வீட்டுக்கு வருகிறாள். யார் இறந்தது என்பதே அவளுக்குத் தெரியாது. உள்ளே அவளுடைய முன்னாள் காதலி மாயா. சிறிது நேரத்தில், காசு கொடுத்து அவளோடு உறவு வைத்திருக்கும் மாக்ஸும் வந்து சேர்கிறான், பின்னாலேயே மனைவியும் கைக்குழந்தையும். ஏரியல் மார்க்ஸின் வயலின்கள் பேய்ப் படத்துக்கு அலறுவது போல அலறுகின்றன. பேய்கள் இங்கே பேகல் ரொட்டித் தட்டோடு வரும் அத்தைகள். என்ன இப்படி இளைத்துவிட்டாய், என்ன படிக்கிறாய், அதைப் படித்து என்ன வேலை, யாரையாவது பார்த்துக்கொண்டிருக்கிறாயா?

பாலி டிரேப்பர் நடித்த அம்மா டெபிக்கு மகள் ஒரு பெண்ணைக் காதலித்தது தெரியும். மாயாவோடு எந்தக் கூத்தும் வேண்டாம் என்று முன்கூட்டியே எச்சரித்துத்தான் அழைத்து வருகிறார். அது ஒரு பருவத்துப் பரிசோதனை என்பது அவர் கணிப்பு. அதற்காக நெஞ்சில் அடித்துக்கொள்ளவில்லை. அவருடைய அசல் பிரச்சினை மகள் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் ஆகவில்லை என்பது. மாயாவைப் பாருங்கள்: அவளும்தான் பெண்ணைக் காதலித்தவள், ஆனால் அந்த வீட்டில் அவள் தலை நிமிர்ந்து நடக்கிறாள், ஏனென்றால் சட்டக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. டேனியலுக்குக் கிடைக்காத மன்னிப்பு மாயாவுக்குக் கிடைப்பது அதனால்தான்.

தெவ்யே காலத்தில், தடம் மாறிய பிள்ளைக்காக ஷிவா அமர்ந்தார்கள். இங்கே தடம் மாறிய பிள்ளையை அழைத்துக்கொண்டு ஷிவாவுக்குப் போய், நல்ல வேலையும் நல்ல சம்பந்தமும் கிடைக்குமா என்று துக்கம் கேட்க வந்தவர்களிடம் விசாரிக்கிறார்கள். விலக்கிவைப்பதைவிட இது எவ்வளவோ மேல். மூச்சு முட்டுவது மட்டும் மாறவில்லை, அதைத்தான் 24 வயதில் ஒரு முழுப் படமாக எடுத்துக் காட்டுகிறார் செலிக்மன். முந்தைய படங்களில் உண்மை வெளியே வந்தால் கதை தீர்ந்துவிடும். இதில் எந்த உண்மை வெளியே வந்தாலும் தட்டில் இன்னொரு ரொட்டித் துண்டு விழுகிறது, அவ்வளவுதான்.

செலிக்மனின் அடுத்த படம் 'பாட்டம்ஸ்' (2023). டேனியலாக நடித்த ரேச்சல் செனட் மறுபடியும் நடிக்கிறார். பள்ளியில் படிக்கும் இரண்டு லெஸ்பியன் தோழிகளின் கதை. இருவரின் வீட்டாரும் கதையில் குறுக்கிடுவதில்லை, யாரும் யாருக்கும் வரன் பார்ப்பதில்லை. அடிதடி, ரத்தம், நல்ல சிரிப்பு என்று படம் பறக்கிறது. பாதியிலேயே எனக்கு டெபியின் நினைப்பு வந்துவிட்டது. அவர் மட்டும் உள்ளே நுழைந்திருந்தால், மூக்கில் ரத்தம் வழிய நிற்கும் அந்தப் பெண்களிடம் முதலில் சாப்பிட்டீர்களா என்று கேட்டிருப்பார், அடுத்து எந்தக் கல்லூரிக்கு விண்ணப்பித்திருக்கிறீர்கள் என்று.